மூடி மேல் வைத்த கரி

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பெரியவள் மடியில் ஒரு தூக்கு. அதன் மூடி மேல் ஒரு துண்டு அடுப்புக்கரி, காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“பேய் அண்டக்கூடாதுன்னு போன வாரமும் கரி வெச்சித்தான் மருமகனுக்குக் கோழிக் குழம்பு எடுத்துக்கினு போனேன். அப்புறம் எப்படிமா அவருக்கு வயித்தால போச்சி?”

“எப்பக்கா ஆக்கினே?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“மொத நாள் மத்தியானம்.”

“பிரிட்ஜ்ல வெச்சியா?”

“ஐயய்யே! அதுல சாமிக்குப் போடற பூ இருக்குது. கோழிய எப்படி வெப்பேன்?”

“காலைல கொதிக்கவாவது வெச்சியா?”

“லேசா சுட வெச்சேன். கொதிச்சா கோழி கரைஞ்சிடுமே.”

“ஆஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினாங்களே மனுஷனுக்கு!”

“அதான், உடம்பு தேறட்டும்னு இன்னிக்கும் கோழி எடுத்துக்கினு போறேன்.”

“இது எப்ப ஆக்கினது?”

“நேத்து.”

மற்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். “யக்கா, இதத் தின்னா பேய்க்கே வயித்தால போவும்! மூடி மேல வெச்ச கரிய அடுப்புல போட்டு, தளதளன்னு கொதிக்க உட்டிருந்தா உம் மருமகனுக்குப் புண்ணியமா போயிருக்கும்.”

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெரியவள் கரி உருண்டுவிடாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கரிய அடுப்புல போட்டுட்டா, அப்புறம் பேய்க்கு என்னத்த வெக்கறது?”