குட்மேய்ஸுக்குப் போன பல்லி

"அந்த ஆள் இதைக் கறி வைச்சிட்டா என்னக்கா செய்வீங்கள்?"

லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் குட்மேய்ஸ் போகும் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். கேட்டவர் இளையவர். மூத்தவரின் மடியில், துவாயால் மூடிய அட்டைப்பெட்டி இருந்தது.

"கறியோ? இது உடும்பில்லையடி, வீட்டில வளர்க்கிற பல்லி. மேல் அறையில வாடகைக்கு இருந்தவன் விட்டிட்டுப் போயிட்டான். சூட்டுக்கு ஒரு லைட்டும் இல்லாமல், எலும்பும் தோலுமாக் கிடந்தது. நான்தான் சாப்பாடு குடுத்துத் தேத்தியெடுத்தனான்."

"அது சரி. வளர்க்க ஆள் தேவை எண்டு கடையில நோட்டீஸ் ஒட்டியும் வேற ஒருத்தரும் கேக்கேல்லை. இவர் மட்டும் ஏன் உடன கொண்டுவரச் சொல்றார்? ஊரில உடும்பு சாப்பிட்ட ஆளோ தெரியாது."

"அதை நான் எப்பிடிக் கேக்கிறது?"

"என்ன சாப்பாடு குடுப்பீங்கள் எண்டு கேளுங்கோ. கதைக்கிற விதத்தில தெரியும்."

மூத்தவர் கைத்தொலைபேசியை எடுத்தார். "அண்ணை, வந்துகொண்டிருக்கிறம். இதுக்கு என்ன சாப்பாடு குடுப்பீங்கள்?" பதிலைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் வைத்தார்.

"என்னவாம்?"

"பூச்சியும் கீரையும் குடுப்பாராம். சாப்பாடு பிறகு, முதல் குளிர் படாமல் கொண்டு வாங்கோ எண்டார்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தன் கோட்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டார். இளையவர் துவாயின் நுனியை உள்ளே செருகிவிட்டார்.

"நல்லாத்தான் கதைக்கிறார். எண்டாலும் குசினியில என்ன சமைக்கிறார் எண்டு ஒருக்கால் பாத்திட்டுத்தான் குடுக்கவேணும்."

"பின்ன உன்னை ஏன் கூட்டிக்கொண்டு போறன்?"