கிணற்றடி நிலமும் பத்துப் பூசணி விதைகளும்

— சரி வாத்தியாரம்மா, உன் நோட்டுல தப்பு எதுவோ அதை மட்டும் படி.

— இருண்ணே, வரிசையாத்தான் வருவேன். "மார்ச் 6. ஒரு சிறு தவறு. பூசணி விதை ஜாடியைத் துடைத்தபோது பெயர்ச்சீட்டு கிழிந்தது. மாலை வகுப்புக்கு நேரமானதால் புதுச்சீட்டு ஒட்டவில்லை."

— இதையெல்லாமா எழுதச் சொல்றாங்க உன் வகுப்புல?

— நடந்ததை எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. கேளு. "மார்ச் 15. பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன்." இன்னிக்கு இருபத்திரண்டு. பிரிச்சுப் பாத்தா ஒண்ணுகூட முளைக்கல.

— அப்போ பேச்சு பேச்சுதான், விதாத். பத்துல ஆறாவது முளைக்கலேன்னா கிணத்தடி நிலம் என் மிளகாய்க்குன்னு அம்மா முன்னாடி நீதானே சொன்னே? நாபுல் சந்தையிலேருந்து மிளகாய் நாத்துகூட வந்து இறங்கியாச்சு.

— முதல்ல என்மேலதான் சந்தேகம். சரியாக் காயவிடலையோ, மூடிக்குள்ள ஈரம் நின்னுதோன்னு மூணு பக்கம் எழுதினேன். ஆனா ஜாடியக் குலுக்கினா நல்லாக் காஞ்ச விதையா கலகலங்குது. பூஞ்சை வாடையும் இல்ல.

— அல்லாஹ் நாடலே. விடு.

— அப்புறம் ஒண்ணக் கடிச்சுப் பாத்தேன். உப்பு கரிக்குது.

— உப்பா?

— ஏழாந்தேதி டிவியில பந்தாட்டம் பாக்க நம்ம வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்கண்ணே?

— நாலு பேர். சரி, கேட்டுக்கோ. கொறிக்க ஒண்ணுமில்ல. அடுப்படியில ஜாடி, அதுல சீட்டும் இல்ல. உப்புத்தண்ணி தெளிச்சு வறுத்துட்டேன். ரெண்டாவது கோல் விழறதுக்குள்ள காலி. மறுநாள் அந்த ஜாடிக்கு நீ 'விதை'ன்னு சீட்டு எழுதறதப் பாத்துதான் உறைச்சுது. ஓடிப்போய் கடையில வாங்கி ரொப்பினேன்.

— வறுத்த விதைய.

— கொறிக்கிற கடையில பச்சை விதையா விப்பான்? வெள்ளையா இருந்துச்சு, போட்டுட்டேன்.

— போட்டுட்டு, முளைக்கலேன்னதும் நிலத்தையும் கேட்டியே.

— கேட்டிருக்கக் கூடாது. நிலம் உனக்கே. ஆனா என்னத்தப் போடுவே? ஆறு மாசமானாலும் அழுகாத பூசணி அது. கூஸ்கூஸ் ரவையோட சேர்ந்து வெந்தாலும் கரையாது. இருந்த விதை அவ்வளவுதானே?

— நம்ம ஊர்ல வித்து முழுசையும் ஒரே வீட்டுல யாராவது வைப்பாங்களா? "அக்டோபர் 2. பாதி விதையைச் சாம்பலில் கலந்து மோஞ்சியா அத்தை வீட்டுப் பானையில் வைத்தேன்." அதே பதினஞ்சாந்தேதி அதுலயும் பத்து எடுத்து முடிஞ்சு வெச்சேன். ஒன்பது முளைச்சிருக்கு.

— அடிப்பாவி! முதல்லயே சொல்லியிருக்கலாமே.

— நீயே சொல்றியான்னு பாத்தேன். கடைசியா ஒரு வரி பாக்கி. இது இன்னிக்குக் காலையில, நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எழுதினது. "நாளை: கிணற்றடி நிலத்தில் முப்பது குழி, முழங்கை ஆழம். வெட்டுபவர் லம்ஜத் அண்ணன்."