புளூஸ் தந்தையின் நினைவு மலர்

தமிழ்கூறு நல்லுலகிற்கு ஆழ்ந்த துயருடன் அறியத்தருவது யாதெனில், தமிழ் புளூஸின் தந்தை, இசைப்பேரொளி றொபேர்ட் அவர்கள் டென்மார்க் ஹொல்ஸ்டெப்ரோவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இந்த வசனம் என்னுடையது, ஐயா. பட்டமும் நான் கொடுத்ததுதான். உங்கள் பொலிஸ் நிலையத்துக் கோப்பி பரவாயில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கோப்பியைவிட எவ்வளவோ மேல். நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். களைப்பாக இருக்கிறது, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

றொபேர்ட் அண்ணை பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் பாட்டைக் கிற்றாரோடு தமிழில் கட்டியவர். அவருக்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. அவர் செய்த பிறகும் யாரும் வந்து கேட்டதில்லை. எங்கள் சனம் அப்படித்தான். உயிரோடிருப்பவனின் கச்சேரிக்கு நேரமிருக்காது. செத்து முப்பத்தோராம் நாள் நினைவு மலர் வெளியிட்டால் மண்டபத்தில் நிற்க இடமிருக்காது.

மாரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வைத்தியர்கள் கையை விரித்தார்கள். நான் மலரை எழுதத் தொடங்கினேன். தாய்மண்ணின் கண்ணீரே அவர் இசை என்று எழுதினேன். என் பெயர் நிற்கக்கூடிய எழுத்து அது ஒன்றுதான். அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் மனுசன் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"தாய்மண்ணோ? எடேய், அது என்ர வேலைத்தலப் போர்மனைப் பற்றின பாட்டெல்லோ. மற்றது முதுகுநோவுக்குக் கட்டினது."

"சனம் அழவேணும் அண்ணை."

"ஏன், சிரிச்சால் வரி போடுவினமோ? கூட்டத்தை வை, நான் வந்து உள்ளதைச் சொல்லுறன். இதைக் கிழிச்செறி."

பிறகு சொன்னார்: "இந்தக் கூழைக் குடிச்சுக் குடிச்சுச் சீவன் போகுது. ஒரு மட்டன் ரோல்ஸ் கொண்டுவாவன்ராப்பா."

அவருக்கு விழுங்குவது சரியில்லை, கட்டியான சாப்பாடு கூடவே கூடாது என்று தாதி எனக்குச் சொல்லியிருந்தாள். டேனிஷ் எனக்கு நன்றாக விளங்கும். சங்கத்துக்கு என்று சொல்லி மனைவியிடம் ரோல்ஸ் பொரிப்பித்து, அடுத்த நாள் மத்தியானம் சூட்டோடு கொண்டுபோனேன். நன்றாயிருக்கு என்றார். பிறகு அடைத்தது. என்னைப் பார்த்தார். உதவிக்கு இழுக்கும் சிவப்புக் கயிறு என் தோளடியில் தொங்கியது. அட்டைக்கு எந்தப் படத்தைப் போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அடங்கிய பிறகு, முறைப்படி, கயிற்றை இழுத்தேன்.

தானாக எடுத்துச் சாப்பிட்டார் என்று சொன்னேன். அந்தத் தாதி மட்டும் நம்பவில்லை.

மண்டபம் நிறைந்தது, ஐயா. அழாத ஆளில்லை. அவர் மகள் கிளோறியா என் கையைப் பிடித்து டேனிஷில் நன்றி சொன்னாள். ஒரு பெருங்கலைஞனை அவனுடைய வாயிலிருந்தே காப்பாற்றினேன். வேறு யார் செய்திருப்பார்கள்?

அவருடைய பாட்டுகளில் எது சிறந்தது என்று கேட்கிறீர்கள். தெரியாது. நான் ஒன்றையும் கேட்டதில்லை.