ஓக் மரத்தடிக் காளான்

அறையில் இருந்தவர்கள் மூவர். நாற்றுப் பண்ணையின் எழுத்தர், ஜன்னலை ஒட்டிய மேஜையில், எழுதும் அட்டையோடு. நாற்றுகளை மேற்பார்வை பார்க்கும் அக்கா, அவருக்கு எதிர் நாற்காலியில், மடியில் கைபேசியோடு. சமையல்காரர், எல்லாருக்கும் மாஸ்டர், கதவோரம் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். நான்காவது இருக்கை டிரைவருடையது, காலி. நேரம் காலை ஏழு நாற்பது.

அக்கா: ...போன்ல சொல்லவே வேணாம்னுட்டார் டாக்டர். ஆளுக்கொண்ணு சொல்லுவீங்க, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, காளானையும் சேர்த்துக் குடுத்து விடுங்கன்னார். ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிடுச்சாம். இருபது நிமிஷம்.

எழுத்தர்: எழுதிக்கிட்டுத்தானே இருக்கேன். "ஐயா, நேற்று பண்ணைக்கு விடுமுறை. மதியம் ஒரு மணிக்குச் சமையலறையில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் மூவர்."

மாஸ்டர்: அக்கா, மூணு இல்ல, நாலுன்னு சொல்லுங்க. நானும் அங்கதான இருந்தேன்.

எழுத்தர்: உக்காந்தவங்கன்னுதான் எழுதியிருக்கேன் அக்கா. அவர் நின்னுக்கிட்டு இருந்தார்.

அக்கா: எட்டு நாளா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் தபால்காரி. இன்னிக்காவது நேரா பேசிக்கக் கூடாதா?

எழுத்தர்: சாப்பாட்டுல உப்பு தூக்கல்னு சொன்னேன். அது ஒரு குத்தமா? "அப்ப வீட்லேர்ந்து கட்டிக்கிட்டு வாங்க"ன்னு பத்து பேர் முன்னாடி சொன்னது யாரு? கட்டிக்கிட்டு வர்றேன். முடிஞ்சுது.

மாஸ்டர்: "கடலையே கொண்டுவந்து கொட்டிட்டீங்களா"ன்னு மொதல்ல கேட்டது யாருன்னும் எழுதச் சொல்லுங்கக்கா.

அக்கா: அங்க ஆஸ்பத்திரியில ஒரு மனுஷன் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுப் படுத்திருக்கான்...

எழுத்தர்: டிரைவர் எப்படி இருக்காராம்?

அக்கா: பேசறாராம். வயித்துப்போக்கு நிக்கல. நாளன்னிக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்கறார். எழுதுங்க.

எழுத்தர்: "கதவைப் பார்த்து டிரைவர். அவர் தட்டில் சோறும் வதக்கிய காளான் இரண்டு கரண்டியும்."

மாஸ்டர்: மூணு. மறுபடி கேட்டு வாங்கினார். "இந்த மாதிரி ருசிய நான் பார்த்ததே இல்ல மாஸ்டர்"ன்னு... அவர் விரலைச் சப்பினதே கண்ணுக்குள்ள நிக்குது.

எழுத்தர்: "மூன்று கரண்டி. அவருக்கு வலப்பக்கம் மேற்பார்வையாளர்."

அக்கா: எனக்குக் காளானே ஆகாது. வழவழன்னு... சேச்சே. தயிர்சோறு மட்டும்னு போடுங்க.

எழுத்தர்: "அவர் காளானைத் தொடவில்லை. ஜன்னலோரம் எழுத்தர். தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவிலிருந்து சாப்பிட்டார்."

அக்கா: நல்லதாப் போச்சு சார், உங்க ரோஷம். உங்களைக் காப்பாத்திடுச்சு.

எழுத்தர்: ...அடுத்த கேள்வி என்ன?

அக்கா: எங்க முளைச்சுதுன்னு. அதுதான் முக்கியம்னார். எந்த மரத்தடி, புல்லா, சாணமா, பட்ட கட்டையா, எல்லாம்.

மாஸ்டர்: பின்னாடி மேய்ச்சல் நிலம்தான். நான் எப்பவும் பறிக்கற இடம். வெட்டவெளிப் புல்லு. எத்தனை வருஷமா பறிச்சுப் போட்டிருக்கேன், யாருக்காவது ஒரு ஏப்பம் வந்திருக்கா?

எழுத்தர்: "பண்ணையின் பின்புறம் மேய்ச்சல் நிலத்தில்..."

அக்கா: அந்த வரிய அடிச்சிடுங்க சார்.

மாஸ்டர்: ஏன்க்கா?

அக்கா: மேய்ச்சல் நிலத்துக் காளானுக்குக் குடைக்கு அடியில மடிப்பு ரோஜா நிறத்துல இருக்கும். முத்தினா மண்ணு நிறம். நீங்களே எனக்குச் சொன்னதுதான். நேத்து போட்டதுல மடிப்பு எந்த நிறம்?

மாஸ்டர்: வெள்ளை... பிஞ்சுன்னு நினைச்சேன்.

அக்கா: குடை?

மாஸ்டர்: லேசா... பச்சையோட சேர்ந்த மஞ்சள்.

அக்கா: தண்டுல பாவாடை கட்டின மாதிரி ஒரு வளையம்?

மாஸ்டர்: இருந்துச்சு. மேய்ச்சல் நிலத்துக் காளானுக்கும்தான் வளையம் இருக்கும்! ஏன்க்கா குறுக்கு விசாரணை பண்றீங்க? விஷமான்னு வெங்காயம் போட்டுப் பார்த்தேன், கறுக்கல. நத்தை கடிச்சிருந்துச்சு. நத்தை சாகலையே?

அக்கா: நத்தைக்கு ஒண்ணும் பண்ணாதாம் மாஸ்டர். டாக்டர்கிட்ட அதையும் கேட்டேன். வெங்காயம், வெள்ளிக்கரண்டி எல்லாம் சும்மா பேச்சாம். ...நான் விடியறதுக்கு முன்னாடியே டார்ச் எடுத்துக்கிட்டு மேய்ச்சல் நிலம் பூரா நடந்தேன். மூணு நாளைக்கு முன்னாடிதான் அங்க புல்லு வெட்டினாங்க. ஒரு காளான் கூட இல்ல. அப்புறம், விதைக்கு விட்ட தாய் மரங்க நிக்கற மூணாவது வரிசைக்குப் போனேன்.

மாஸ்டர்: ...அங்க யாரும் போகக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கீங்க. போனேன்னு சொன்னா திட்டுவீங்கன்னு... மேய்ச்சல் நிலத்துல ஒண்ணும் கிடைக்கல. டிரைவர் காளான் கேட்டுட்டே இருந்தார். ஓக் மரத்தடியில பளபளன்னு நின்னுச்சு.

அக்கா: எழுதுங்க சார். மூணாவது வரிசை, தாய் மரம் மூணு ஓக், நடு மரத்துக்கு அடியில, சருகுக்கு நடுவுல.

எழுத்தர்: ஜன்னலைக் கொஞ்சம் திறக்கறீங்களா அக்கா? புழுக்கமா இருக்கு.

அக்கா: புழுக்கமா? எனக்குக் குளிருது. ...இந்தாங்க. திறந்துட்டேன்.

எழுத்தர்: "நடு ஓக் மரத்தின் அடியில்." சொல்லுங்க.

அக்கா: அமானிட்டான்னு ஒரு குடும்பம் இருக்காம். அதுல ஏகப்பட்ட வகை. சிவப்புக் குடையில வெள்ளைப் புள்ளி வச்சது ஒண்ணு, படத்துல பார்த்திருப்பீங்க, பைன் மரத்துக்குக் கீழ வரும். சுத்த வெள்ளையா ஒண்ணு. இந்தப் பச்சை மஞ்சளும் ஒண்ணு, எமன். பெரும்பாலும் ஓக் வேரோட ஒட்டி உறவாடி வாழுமாம். மரத்தை வேர்மண்ணோட எங்க கொண்டுபோய் நட்டாலும் கூடவே போகுமாம்.

எழுத்தர்: நம்ம ஓக் மூணும்...

அக்கா: வேர்மண்ணோட வந்ததுதான். பதினாலு வருஷம் முன்னாடி நான்தான் லாரியிலேர்ந்து இறக்கினேன்.

மாஸ்டர்: அது அதுதான்னு என்ன நிச்சயம்? குழப்பாதீங்க அக்கா. ஆயிரம் காளான் இருக்கு.

அக்கா: இந்தக் காகிதப் பையில பாருங்க. பிளாஸ்டிக் வேணாம், புழுங்கிடும்னார். நீங்க விட்டுட்டுப் போனதுல ஒண்ணைத் தோண்டி எடுத்தேன். அடியில பாருங்க.

மாஸ்டர்: என்ன இது... முட்டை ஓடு மாதிரி?

அக்கா: பை. சின்னதா இருக்கும்போது முழுக்க அதுக்குள்ளதான் இருக்குமாம். கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். கிழிஞ்சது அடியில தங்கிடும். மேய்ச்சல் நிலத்துக் காளானுக்கு இது கிடையாது. இது ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா...

மாஸ்டர்: என் கண்ணுல படவே இல்லையேக்கா!

அக்கா: எப்படிப் படும்? மண்ணு மட்டத்துல கத்தி வச்சு அறுத்திருக்கீங்க. பத்துத் தண்டு, பத்தும் ஒரே உயரம். பை மண்ணுக்குள்ளயே இருக்கு.

மாஸ்டர்: நீங்கதான சொன்னீங்க... இந்தப் பண்ணையில எதையும் வேரோட பிடுங்கக் கூடாது, அறுக்கத்தான் செய்யணும்னு. களையா இருந்தாக் கூட. சேர்ந்த மொத நாளே கையில கத்தியக் குடுத்தீங்களேக்கா.

அக்கா: ஆமா. நான்தான் சொன்னேன். பக்கத்து வேர் ஆடக் கூடாதுன்னு. ...இந்தக் காளானை நான் போன வாரமே பார்த்தேன் மாஸ்டர். வேருக்கு நல்லதுன்னு விட்டு வச்சேன். அதையும் எழுதிக்குங்க சார்.

எழுத்தர்: அது டாக்டருக்கு வேண்டியதில்ல அக்கா.

அக்கா: எனக்கு வேணும். எழுதுங்க. ...எங்க எந்திரிச்சுட்டீங்க?

எழுத்தர்: பேனா எழுதல. உள்ளே இன்னொண்ணு இருக்கு. ரெண்டு நிமிஷம்.

மாஸ்டர்: நல்லா எழுதிக்கிட்டுத்தான இருந்துச்சு...

அக்கா: விடுங்க. அவருக்கு எல்லாம் சரியா இருக்கணும். ...மாஸ்டர், அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா?

மாஸ்டர்: நானா? நான் எங்க? பரிமாறினவனுக்குப் பசி இருக்குமா.

அக்கா: சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. விடியக்காலை கொல்லைப் பக்கம் குழாயடியில சத்தம் கேட்டுச்சு.

மாஸ்டர்: ...உப்புப் பார்த்தேன்.

அக்கா: எவ்வளவு?

மாஸ்டர்: ஒரு கரண்டி. அப்புறம் இன்னொண்ணு. எட்டு நாளா எனக்கே என் கை மேல சந்தேகம்க்கா. உப்பு கூடிடுச்சோ, கூடிடுச்சோன்னு... நாலு கரண்டி இருக்கும். ராத்திரி மூணு மணிக்கு ஆரம்பிச்சுது. எல்லாம் வெளிய வந்துடுச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. பாருங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்.

அக்கா: அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

மாஸ்டர்: சரியாயிட்டேன்கறேன், பயமா இருக்குங்கறீங்க.

அக்கா: மொதல்ல வாந்தி. அப்புறம் ஒரு நாள் நல்லா இருக்கற மாதிரியே இருக்குமாம். ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கே போயிடுவாங்களாம். அந்த ஒரு நாள்ல உள்ளே ஈரலைத் தின்னுக்கிட்டிருக்குமாம். அப்புறம் வந்தா... மாஸ்டர், வண்டியில ஏறுங்க.

மாஸ்டர்: அங்க டிரைவர் பொண்டாட்டி உக்காந்திருப்பா. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்?

அக்கா: இருக்கற முகத்தை வச்சுக்கிட்டுத்தான். முகம் இருந்தாத்தான அப்புறம் மன்னிப்புக் கேக்க முடியும்?

எழுத்தர்: பேனா கிடைச்சுது.

அக்கா: முகம் ஏன் சார் வெளுத்திருக்கு? மூஞ்சி கழுவினீங்களா?

எழுத்தர்: ஆமா. தூக்கமில்ல. எங்க விட்டோம்?

அக்கா: சாப்பிட்டவங்க. மாஸ்டர் பேரைச் சேருங்க. நாலு கரண்டி. ராத்திரி மூணு மணிக்கு வாந்தி.

எழுத்தர்: ...அவரா?

மாஸ்டர்: உப்புப் பார்த்தேன்னு சொல்லுங்கக்கா அவர்கிட்ட. அவர் புண்ணியத்துல.

எழுத்தர்: ..."சமையல்காரர், நான்கு கரண்டி." அக்கா, சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல ஆரம்பிக்குமாம்?

அக்கா: ஆறு மணி நேரத்துலயும் வருமாம். ஒரு நாள் கழிச்சும் வருமாம்.

எழுத்தர்: ஒரு நாள்.

அக்கா: அதனால சாப்பிட்ட எல்லாரும், வலி இருந்தாலும் இல்லாட்டியும், வண்டியில வந்தாகணும்னார். சீக்கிரம் வந்தா காப்பாத்த வழி இருக்காம். ...மாஸ்டர், பத்துக் காளான் அறுத்தீங்க. டிரைவர் மூணு கரண்டி, நீங்க நாலு. மீதி?

மாஸ்டர்: ஒரு கிண்ணம் நிறைய மிச்சம். தட்டு போட்டு மூடி அலமாரியில வச்சிட்டு அஞ்சு மணிக்குக் கடைக்குப் போனேன். வந்து பார்த்தா காலி. நீங்க கொட்டிட்டீங்கன்னு நினைச்சேன்.

அக்கா: நான் ஏன் கொட்டறேன்? நீங்க கொட்டிட்டீங்கன்னு நான் நினைச்சேன்.

மாஸ்டர்: அப்ப கிண்ணத்தைக் கழுவினது யாரு? பளிச்சுன்னு கழுவி, கவிழ்த்து வச்சு, துடைச்ச துணிய நாலா மடிச்சு அது மேல போட்டிருந்துச்சு. என் சமையலறையில துணிய மடிக்கற ஆளை இதுவரைக்கும் நான் பார்த்ததில்லக்கா.

அக்கா: டிரைவரா இருக்குமோ?

மாஸ்டர்: அவர் மூணு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டார். ஐயோ, வாட்ச்மேன் ஏதாவது... இல்ல, அவரும் நேத்து லீவு. அக்கா, யாரோ விஷயம் தெரியாத ஆளு சாப்பிட்டுட்டு எங்கயோ படுத்திருந்தா?

எழுத்தர்: கத்தாதீங்கன்னு சொல்லுங்க அக்கா. எழுதறேன்ல.

அக்கா: ஹாரன் கேக்குது. கேட்டுக்கு வந்துட்டாங்க. சார், முடிச்சீங்களா?

எழுத்தர்: தேதி. கையெழுத்து. ஆச்சு.

அக்கா: ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன்.

எழுத்தர்: நேரமில்ல. ஒட்டிட்டேன்.

மாஸ்டர்: அக்கா, பார்த்தீங்களா? கடுதாசியையும் நாலா மடிச்சு...

அக்கா: வாங்க தம்பி, இங்கதான். இந்தக் கவரை டாக்டர் கையில குடுங்க. காகிதப் பைய நசுக்கிடாதீங்க. மாஸ்டர், ஏறுங்க. ...சார், மொத்தம் எத்தனை பேர்னு போட்டீங்க?

எழுத்தர்: மூணு.

அக்கா: மூணா? டிரைவர் ஒண்ணு, மாஸ்டர் ரெண்டு. தப்பா எண்ணவே மாட்டீங்களே... சார், நீங்க ஏன் செருப்பு மாட்டறீங்க?

எழுத்தர்: கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மாஸ்டர்... நேத்து உப்பு சரியாத்தான் இருந்துச்சு.