கரையான் தின்னாத மயிலாப்பூர்

சாரல் தூவும் இந்தக் குற்றாலக் கண்காட்சிக்குத் தலைமை தாங்கும் ஆனந்தவள்ளி அம்மையார் அவர்களே! இலஞ்சியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நனைந்தபடியே வந்திருக்கும் சான்றோர்களே! முன்வரிசையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத தாய்மார்களே! பழைய சென்னையைப் படங்களாகவும் வரைபடங்களாகவும் இந்த மண்டபமெங்கும் மாட்டி, என் வயிற்றில் தீ மூட்டியிருக்கும் அருமைத் தம்பி யாக்கூப் அவர்களே! அனைவருக்கும் இந்த எபனேசரின் வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். பொய் பேச எனக்கு வாய் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பழைய சென்னையைத் தேடித் தேடிச் சேர்த்தவன் நான். டிராம் ஓடிய தெருவா? தேடினேன். துறைமுகம் தோன்றாத கடற்கரையா? தேடினேன். ஆனால் இன்று விழா யாருக்கு? யாக்கூபுக்கு! மாலை யாருக்கு? யாக்கூபுக்கு! துபாயிலிருந்து திரும்பி வந்து, நேற்றுச் சேர்க்கத் தொடங்கிய யாக்கூபுக்கு! எரியுமா, எரியாதா?

அங்கன என்ன சிரிப்பு? எரியும்னுதான சொல்லுதீய? நல்லது.

அதோ, அந்தச் சுவரைப் பாருங்கள். நூறாண்டுக்கு முந்தைய வரைபடம். வடசென்னை மட்டும்தான் தொங்குகிறது. அதன் கீழே வெற்றுச் சுவரும் நான்கு ஆணிகளும். இரண்டு தாளாக அச்சிட்ட படம் அது. தென்காசிப் பழைய பேப்பர் கடையில் ஒரே நாளில் இருவரும் கைவைத்தோம். மேல்தாள் அவருக்கு, கீழ்த்தாள் எனக்கு. அன்று முதல் அவரும் தரவில்லை, நானும் தரவில்லை. போன மாதம் வீடு தேடி வந்தார்.

“அண்ணாச்சி, கண்காட்சிக்கு மட்டும் அந்தக் கீழ்த்தாளத் தாங்களேன்.”

“அதக் கரையான் அரிச்சிட்டுல்லா தம்பி!” என்றேன்.

“சரி அண்ணாச்சி” என்று போய்விட்டார்.

கரையானாவது, அரிப்பதாவது! பொறாமை, அவையோரே, பச்சைப் பொறாமை! மயிலாப்பூரும் சாந்தோமும் அடையாறும் என் பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தன.

இன்று காலை இங்கே சுற்றிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு படம். சென்னை ஸ்டூடியோவில் எடுத்தது. கோட்டுப் போட்ட கணவர், பட்டுடுத்திய மனைவி, மூக்கைச் சுளிக்கும் பிள்ளை. பின்னால் வரைந்த திரை. திரையில் இருப்பது கோட்டையா? இல்லை. கலங்கரை விளக்கமா? இல்லை. ஐந்து கிளையாய்க் கொட்டும் நம் ஐந்தருவி! கடல் வைத்திருந்தவன், கோட்டை வைத்திருந்தவன், நம் தண்ணீருக்கு ஏங்கியிருக்கிறான்! ஏங்கியவன் ஒளித்தானா? முதுகுக்குப் பின்னால் முழு நீளத்துக்கு மாட்டி, ஊரறியப் படமல்லவா எடுத்துக்கொண்டான்! நான்? பூட்டி வைத்தேன். வெட்கமாகிப் போய்விட்டது. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

மேடையேறியதிலிருந்து இந்தப் பிளாஸ்டிக் குழாயை ஏன் கட்டிப்பிடித்திருக்கிறேன் என்றுதானே பார்த்தீர்கள்? இதோ, தென்சென்னை! ஓர் ஓட்டைகூட இல்லை.

யாக்கூபு, இங்கன வாரும். ஒண்ணு மட்டும் சொல்லும். கரையான் அரிச்ச தாளுக்கு எதுக்குய்யா நாலு ஆணி அடிச்சீரு?

பாருங்கள், சிரிக்கிறார்! என் பொய் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எனக்காக இடம் விட்டிருக்கிறார். இந்தப் பெருந்தன்மை எனக்கு வரவில்லையே என்று இப்போது அதற்கும் எரிகிறது, அன்பர்களே!

படம் மாட்டியதும் கீழே இருவர் பெயரையும் எழுதுங்கள். என் பெயர் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட யாக்கூபுக்கும் நன்றி, வணக்கம்!