லேபிள் இல்லாத வெள்ளை டப்பா

சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், டாக்டர். அதற்குக் குறைந்தால் பூசியதும் பூசாததும் ஒன்றுதான். இது என் சரக்கு இல்லை, அக்கா சொல்வது. சரியாகத்தான் சொல்வாள். தோலைப் பற்றி அவள் சொன்னதில் பெரும்பாலும் தப்பே கிடையாது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவள்மேல் நான் அபாண்டம் சுமத்தியதாகப் பிற்பாடு யாரும் பேசக் கூடாது.

அக்காவும் அவள் மகளும் ஒரே மாதிரி வெந்த முகத்தோடு உங்களிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த வெள்ளை டப்பாவில் லேபிள் இல்லை. கலந்து கொடுத்தது தங்கச்சி, மருந்துக்கடை வைத்திருக்கிறாள் என்று அக்கா சொன்னதும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீரும் கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் நியாயம் புரியும்.

அக்கா தோல் பராமரிப்பு வகுப்பு எடுப்பவள். 'முகம் கழுவினேன்' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. 'க்ளென்சிங் முடிச்சேன்' என்பாள், ஏதோ பட்டப்படிப்பு முடித்த மாதிரி. அவள் குளியலறை அலமாரி ஒரு கூட்டணி மந்திரிசபை. வைட்டமின் சி காலையில் வரும். ரெட்டினால் ராத்திரியில்தான் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்தால் ரகளை. தோலை உரிக்கிற ஆசிட் வாரத்தில் ஓரிரு நாள் தலையைக் காட்டிவிட்டுப் போகும். ஹயலுரானிக் ஆசிட் யாரோடும் சண்டைக்குப் போகாது, அதனால் அதற்கு மரியாதை குறைவு. 'ஆக்டிவ்ஸ்' என்று அவள் சொல்கிற இவர்களையெல்லாம் யாரோடு யாரைச் சேர்ப்பது, யாரைப் பிரிப்பது என்று அக்கா மணிக்கணக்கில் பேசுவாள். நாடே அவள் கன்னத்தில்தான் நடப்பதுபோல இருக்கும்.

ராத்திரி க்ரீமுக்கு மட்டும் நான். "கடையில விக்கிறது எல்லாம் வாசனைதான்டி. நான் சொல்ற மாதிரி நீயே கலந்து குடு" என்பாள். வாசனையில்லாத வெறும் க்ரீமில் நியாசினமைடும் செராமைடும் சேர்த்துக் கொடுப்பேன். வகுப்பில் அதற்குப் பெயர் 'என்னோட காம்பினேஷன்'. நானும் பெருமைக்கு அலைந்ததில்லை.

ஒரு வகுப்புக்கு என்னையும் வரச்சொன்னாள். ஹோட்டல் ஹால், நல்ல ஏசி. பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு படம் வந்தது. வலதுபக்கம் அக்கா. இடதுபக்கம் நான்.

"ஒரே அப்பா, ஒரே அம்மா. இந்த மூஞ்சிக்கும் அந்த மூஞ்சிக்கும் என்ன வித்தியாசம்? ஆக்டிவ்ஸ். அவ்வளவுதான்" என்றாள். ஹாலே சிரித்தது.

அந்தப் படம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுத்தது. உள்ளே என் வீட்டுக்காரர் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிடுவதில்லை என்று சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி அக்கா எடுத்தாள். நாகரிகம் தெரிந்தவள் ஆயிற்றே, திரையில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"உன் பேரையா சொன்னேன்? கண்ணை மறைச்சா யாருக்குடி தெரியப்போகுது?"

"பக்கத்து சீட்டுக்காரம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க, அக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. இனிமேயாவது உன்னைக் கவனிச்சுக்குவே."

அவள் மறைத்தது அழுத கண்ணை. மீதி முகத்தை வைத்து வகுப்பு எடுத்தாள். படம் அப்புறம் எல்லா வகுப்பிலும் ஓடியது.

அடுத்த டப்பாவில் ஒரு களிம்பைச் சேர்த்தேன். கை காலில் தடித்துப்போன தோல்படைக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு, முகத்தில் வைக்கவே கூடாத ரகம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அது கெடுதலே செய்யாது. கறுப்புத் திட்டு மறையும், முகம் பளிங்காகும். தோல் அதற்குப் பழகின பிறகு நிறுத்தினால்தான் வேலையைக் காட்டும். அக்கா பளபளத்தாள். வகுப்புக்குக் கூட்டம் நெரிந்தது. எல்லாம் நியாசினமைடின் மகிமை என்று பேசினாள். கொஞ்ச நாள் யோசித்துப் பார்த்தேன்: அந்த முகத்தை அவளுக்குக் கொடுத்ததே நான்தான். கொடுத்தவளுக்குத் திருப்பி எடுக்கிற உரிமை கிடையாதா?

ஒருமுறை டப்பாவை மறந்துவிட்டு ஊருக்குப் போனவள் முகம் எரிந்துகொண்டே திரும்பி வந்தாள். எனக்குத் திக்கென்றது, கண்டுபிடித்துவிட்டாளோ என்று. அவளோ, "பாத்தியா, இது இல்லாம என் தோல் எப்பிடித் தவிக்குதுன்னு? இதுக்குப் பேர்தான் ஆக்டிவ்" என்றாள். படித்தவர்களை ஏமாற்றுவது கஷ்டம் என்று யார் சொன்னது? விளக்கத்தை அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பிறகு அந்த க்ரீமைத் தன் பெயரிலேயே வெளியிடப்போவதாக விழா வைத்தாள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்து களிம்பை நிறுத்திவிட்டு வெறும் க்ரீமைக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். மேடை ஏறியபோது முகம் தக்காளியாகச் சிவந்து, கொப்புளம் கொப்புளமாக, மேலே அப்பியிருந்த மேக்கப் பிளந்து நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "மேடம், இது முன்னாடி எடுத்த முகமா, பின்னாடி எடுத்த முகமா?" என்று கேட்டாள். சந்தோஷமாக இருந்ததா என்கிறீர்கள். மேடையில் வெளிச்சம் நன்றாக இருந்தது, டாக்டர்.

அப்போதும் அக்கா என்னைச் சந்தேகப்படவில்லை. "பர்ஜிங்டி இது. உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் தோல் வெளிய தள்ளுது. இன்னும் ஸ்ட்ராங்கா கலந்து குடு" என்றாள். கேட்டதைக் கொடுத்தேன். களிம்பு இரண்டு மடங்கு. இப்போது உங்கள் மேஜைமேல் இருப்பது அந்த டப்பாதான்.

இனி மகள். நீங்கள் நல்லவர். அந்தப் பிள்ளை டப்பாவைத் தொட்டது எனக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று நீங்களே எனக்காகச் சொல்லிவிட்டீர்கள். கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டு அறையை விட்டு வரமாட்டேன் என்றவளை அக்கா இழுத்துக்கொண்டுதான் வந்தாளாமே. எனக்குக் குழந்தை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இருமல் மிட்டாயைத் தின்று தீர்ப்பவள் அவள். அவள்மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை. இதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா பளபளத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் பிள்ளை வந்து கன்னத்தை நீட்டினாள்.

"சித்தி, தொட்டுப் பாரேன். எப்பிடி வழவழன்னு இருக்கு?"

"என்ன போட்டே?"

"அம்மா டப்பாவுலருந்து கொஞ்சம். தினமும் போடுறேன். அம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாதே, தொலைச்சுடுவாங்க. ப்ராமிஸ் பண்ணு."

ப்ராமிஸ் பண்ணினேன். போடாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் சித்தி என்று கேட்பாள். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அதை அன்றைக்குத் தொடங்க மனம் வரவில்லை. இன்னொரு கவலையும் இருந்தது. டப்பா சீக்கிரம் காலியானால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள், பிள்ளை மாட்டிக்கொள்வாள். அதனால் மறுவாரத்திலிருந்து பெரிய டப்பாவாகப் பார்த்து, இரண்டு பேருக்கும் போதுமானபடி கலந்து கொடுத்தேன்.

பிள்ளை ஒரு தடவைகூடத் திட்டு வாங்கவில்லை, டாக்டர்.