இரண்டு சிவப்பு மூடிகள்

ஹலோ... ஹலோ, சொல்லுங்கண்ணா... இல்ல, பேசறது அவர் இல்ல, நான். போன் அவரோடதுதான். ‘காது’ன்னு பேர் வந்துது, நீங்கதான்னு எடுத்தேன்... ஆமா, அப்படித்தான் பதிஞ்சு வச்சிருக்கார். மரியாதைக்குத்தாண்ணா! உங்க பாட்டுக் கேக்கற கூட்டத்துல எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க...

ம்... ம்... கிளம்பியாச்சா? எதுக்கு?... ஓ. கறுப்புப் பெட்டியை எடுத்துட்டுப் போக.

யாரு தரேன்னு சொன்னது?... இவரா. சரி சரி. இல்ல, இந்த வீட்ல இன்னொரு ஆள் இருக்கறது அந்த நேரம் பாத்து மறந்திருக்கும்... சேச்சே, கோபமெல்லாம் இல்ல. கோபப்பட்டா என் குரல் ரெண்டு கட்டை ஏறுமே, உங்க காதுக்குத் தெரியாமலா போகும்?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பாட்டைப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பற அந்தப் பெட்டிக்குச் செத்த சத்தம்னு ஞாயித்துக்கிழமை நீங்கதானே சொன்னீங்க? ‘டிரான்சிஸ்டர் பிரீ-ஆம்ப்ல உயிரே கிடையாதும்மா, கணக்கு வாத்தியார் பாட்டுப் பாடற மாதிரி’ன்னு... ஆமா ஆமா, அதேதான். செத்ததைத் தூக்கிட்டுப் போக எதுக்குண்ணா இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வரீங்க?

அப்படியா... இடத்தை அடைக்குதேன்னு. என்ன ஒரு பெரிய மனசு! அகராதி அளவுகூட இல்ல அந்தப் பெட்டி. அந்தப் பாரம் தாங்காம எங்க அலமாரி நாலு வருஷமா முனகிட்டுதான் இருக்கு.

இல்லண்ணா, கேளுங்க... கேளுங்களேன்... நான் பேசிடறேன். அதுல நான் வேலை செய்யறேன்... பாட்டுக் கேக்கற வேலை இல்ல. டாக்டருங்க வாய்க்குள்ளேயே பேசி அனுப்புவாங்க, அதைக் கேட்டு டைப் அடிக்கணும். ஹெட்போனை அந்தப் பெட்டியில சொருகினாத்தான் மாத்திரை அரையா ஒண்ணரையான்னு தெளிவா விழும். அது போச்சுன்னா என் வேலையும் போச்சு.

இவர் புதுசா வாங்கின டியூப் பெட்டியிலயா? கேட்டுப் பாத்தேனே! சனிக்கிழமை வந்து இறங்கின உடனேயே ஹெட்போனைச் சொருகிப் பாத்தேன். டாக்டர் பேசறார், பின்னாடி ஒரு கொசு உக்காந்து சுருதி போடுது. ஙொய்ய்ய்னு... என்னது?... அதுதான் கதகதப்பா? சரிண்ணா. அரை மாத்திரை சாப்பிட வேண்டிய ஆளுக்கு நான் ஒண்ணரைன்னு அடிச்சுட்டா அவருக்கும் உடம்பு கதகதன்னு ஆயிடும்.

ஆமா... ஆமா... விலைக்கு நல்ல சாமான்தான், யார் இல்லைன்னா? எல்லாரும் வாங்கற விலையில ரெண்டு கண்ணாடிக் குழாயும் ஆரஞ்சு வெளிச்சமும் தர்றான். அந்த வெளிச்சத்துல பாதி அடியில ஒளிச்சு வச்சிருக்கற குட்டி எல்இடி... ஆமாண்ணா, குனிஞ்சு பாத்தேன். தரை துடைக்கறவளுக்கு எல்லாச் சாமானையும் அடிப்பக்கமா பாத்துப் பழக்கம்.

எங்க இருக்கீங்க இப்போ?... கீழேயே வந்தாச்சா? வண்டியை நிறுத்திட்டீங்கல்ல? கைப்பிரேக்கும் போட்டுடுங்க. ஒரு விஷயம் சொல்லணும்.

ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கா? முதல்ல கறுப்புப் பெட்டியில பாட்டுப் போட்டீங்க. வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டீங்க. அப்புறம் டியூபை ஆன் பண்ணி, சூடாகணும், யாரும் பேசக் கூடாதுன்னு அரை மணி நேரம். பிரசவ வார்டு வாசல் மாதிரி ரெண்டு பேரும் நடந்தீங்க. அறை விளக்கை அணைச்சீங்க. திரும்ப அதே பாட்டு... ஆமா. ‘பாடறவ எதிர்ல வந்து நிக்கறா, அவ மூச்சு என் கன்னத்துல படுது’ன்னீங்க. அதெல்லாம் அண்ணிகிட்ட சொல்லல, பயப்படாதீங்க. இவருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

இப்பச் சொல்லுங்க, வயரை யாரு மாத்தினது?

...ஸ்பீக்கர் வயர் இல்லண்ணா. பெட்டியிலேர்ந்து பெரிய ஆம்ப்ளிஃபயருக்குப் போகுதே, அது. பாட்டு ரெண்டு பெட்டிக்குள்ளயும் போகும், சரி. வெளிய வர வயர் ஒரு ஜோடிதானே இருக்கு? கறுப்புலேர்ந்து உருவி டியூபுக்குப் பின்னாடி சொருகணும். யாரு சொருகினது?

இவரா?... இவர் நீங்கன்னு நினைச்சாராம். நீங்க இவர்னு நினைச்சீங்களாம். நல்ல சிநேகம்! நானா? நான் உங்க ரெண்டு பேருக்கும் டீ போட்டுட்டிருந்தேன்.

யாரும் மாத்தலண்ணா. அன்னிக்குச் சாயந்திரம் வேலைக்கு உக்காரலாம்னு பின்பக்கம் பாக்கறேன், டியூப்ல பாட்டு வெளிய வர ஓட்டை ரெண்டுலயும் சிவப்பு மூடி, கம்பெனியில போட்டது போட்டபடி இருக்கு. பிளாஸ்டிக் மூடி. கறுப்புதான் ரெண்டு தடவையும் பாடியிருக்கு. மாப்பிள்ளை வீட்டை விட்டே கிளம்பல, நீங்க ஜோடிப் பொருத்தம் பிரமாதம்னுட்டீங்க.



டியூப் பெட்டியில சத்தத்தைத் திருகிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். ‘குமிழைத் தொடாதே, ஒரே அளவுல வச்சாத்தான் நியாயமான ஒப்பீடு’ன்னு இவர் கையைத் தட்டி விட்டது யாருண்ணா? நியாயம்தான். ஒரே பெட்டியை ஒரே அளவுல ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க. இதைவிட நியாயமா ஒப்பிடவே முடியாது.

ஓ... அப்பவே லேசா சந்தேகம் வந்துதா? வந்தும் வாயைத் திறக்கல. எவ்வளவு அடக்கம்... என்னது?... பக்கத்துல டியூப் எரிஞ்சதால அதோட குணம் கறுப்புக்குத் தொத்திக்கிச்சா? என்னண்ணா அது, ஜலதோஷமா?

இவரா? இங்கதான் இருக்கார். மூடி ரெண்டையும் கையில வச்சு சோழி மாதிரி உருட்டிட்டு உக்காந்திருக்கார்... பாவம்தான். இவரை நான் ஒண்ணும் சொல்லல. நேத்து ஒழுங்கா வயரை மாத்தி ரெண்டு பேரும் கேட்டோம். உண்மையைச் சொல்லட்டுமா? டியூப் நல்லாத்தான் இருக்கு. பாட்டோட ஓரமெல்லாம் கொஞ்சம் மழுங்கி, பழைய தலகாணி மாதிரி. பெரிய பாட்டுச் சத்தத்துல அந்தக் கொசுவும் காணோம். சாயந்திரம் சாஞ்சுக்கிட்டுக் கேக்க சுகம். கறுப்பு, சொன்னதைச் சொல்லும். இவருக்கு அது, எனக்கு இது. இதுல சொர்க்கமும் இல்ல, சுடுகாடும் இல்ல. இவர் வச்சுக்கட்டும், ஆசைப்பட்டு வாங்கினார். நான் கேக்கறது என் பெட்டியை மட்டும்தான்.

ம்... ம்... இருங்க இருங்க. திரும்பச் சொல்லுங்க... அப்படின்னா கறுப்பு ரொம்ப அபூர்வமான பெட்டியா? டிரான்சிஸ்டர்ல இப்படி மூச்சு விடற பெட்டியை நீங்க பாத்ததே இல்லையா? அதனால கண்டிப்பா எடுத்துட்டுப் போறீங்களா?

அடடா! செத்ததுன்னாலும் நீங்கதான் தூக்கறீங்க, பிழைச்சதுன்னாலும் நீங்கதான் தூக்கறீங்க. குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலேங்கறது இதுதானா?

...வாக்கா? வாக்குக் குடுத்தார்தான், மறுக்கல. இவர் வாக்குத் தவறினார்னு உங்க கூட்டத்துல நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க. அதனால ஒண்ணு பண்ணலாம். மேல வாங்க. ரெண்டு பெட்டியையும் போர்வையைத் தொங்கவிட்டு மறைச்சுடறேன். வயர் நான் மாத்தறேன், இந்தத் தடவை நிஜமாவே மாத்தறேன். அதே பாட்டு. எது டியூப், எது டிரான்சிஸ்டர்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா கறுப்பை நானே துடைச்சு, கார் வரைக்கும் கொண்டு வந்து வைக்கறேன். தப்பாச் சொன்னா அது எங்க அலமாரியை விட்டு நகராது, அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என்ன?

சூடாகட்டுமே, அரை மணி நேரம் என்ன, முக்கால் மணி நேரம் தரேன்... காத்தோட்டமா? இருக்கு, போர்வையைத் தள்ளித்தான் கட்டறேன்... அப்புறம் என்ன?... என்ன தெரியணும்?... டியூபோட வெளிச்சமா?

காதால கேக்கறதுக்கு வெளிச்சம் எதுக்குண்ணா?

ம், வரீங்களா? வாங்க வாங்க... லிஃப்டுக்குள்ள போறீங்களா?... சிக்னல் போயிடுமா... சரிண்ணா, போகட்டும்.

அண்ணா, நான் ஜன்னல்கிட்டதான் நிக்கறேன். உங்க லிஃப்டு பின்பக்கமா போகுதே... பாத்து, பாத்து, பின்னாடி குப்பைத் தொட்டி... ஆங், இப்ப ஒடிங்க... இண்டிகேட்டர்கூடப் போட்டிருக்கு, ஒழுங்கான லிஃப்டு... ஹலோ?... ஹலோ?

கட் ஆயிடுச்சு.

என்னங்க, அந்த மூடியை உருட்டினது போதும், எழுந்திருங்க. டீ ரெண்டு பேருக்கு வச்சாப் போதும். இந்தாங்க, உங்க போன். அதுல அந்தப் பேரை மாத்திடுங்க... என்னன்னா? ‘கண்ணு’ன்னு போடுங்க.